அடைமழை மாதங்களில் வீட்டு வேளாண்மை: தோட்டம், விதை, ஓலைவேலை



ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொல்வாங்க. நம் முன்னோர் இந்த இரண்டு மாதத்துக்கும் கூதிர்காலம் என்றே தனியாகப் பெயர் வைத்திருந்தார்கள். வயலில் கால் வைக்க முடியாது, வரப்பு வழுக்கும், ஆள் கிடைக்காது. "மழை பிடிச்சிட்டா நமக்கு என்னங்க வேலை?" என்று பலரும் கேட்கிறாங்க. எங்க வீட்டில் இந்த இரண்டு மாதமும் வேலை வயலிலிருந்து வீட்டுக்குள் வந்துவிடும், அவ்வளவுதான். தைப்பட்டத்துக்கு வேண்டிய விதையும் நாற்றும் இப்போதுதான் தயாராகணும். பள்ளிக்கு மழை விடுமுறை விட்டால் பெரியவங்களும் பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே உட்காருவது இப்போதுதான். ஒரு கைவேலை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போவதும் இப்போதுதான்.

நான் பிறந்தது திருவண்ணாமலைப் பக்கம். வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடி மாவட்டம், தாமிரபரணிப் பாசனத்தின் கடைப்பகுதியில் ஒரு ஊர். வீட்டில் அத்தை, என் கணவர், எட்டாவது படிக்கிற மகள், நாலாவது படிக்கிற மகன். வயல் ஒன்றரை ஏக்கர். வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் தோட்டம், வேலி ஓரமாகப் பனை. இந்தப் பாடத்தில் நான் சொல்லப் போவது அந்தப் பத்து சென்ட்டிலும் வீட்டுத் திண்ணையிலும் நாங்கள் செய்கிற வேலைகள்தான். உங்க மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் தண்ணீருக்கு வழி

மழைக்காலத் தோட்டத்தில் செடி சாவது பெரும்பாலும் பூச்சியால் இல்லீங்க. வேரில் தண்ணீர் நின்று, காற்று கிடைக்காமல் அழுகித்தான் சாகிறது. அதனால் புரட்டாசி முடிவதற்குள் மண்வெட்டி வேலையை முடித்துவிட வேண்டும்.

பாத்தியை மேட்டுப்பாத்தியாகப் போடுங்கள். அகலம் மூன்றரை முதல் நாலு அடி. அதற்கு மேல் போனால் இரண்டு பக்கம் நின்றும் நடுவில் கை எட்டாது. எட்டாவிட்டால் பாத்திக்குள் காலை வைப்போம், ஈரமண் இறுகிப்போகும். உயரம் முக்கால் அடியிலிருந்து ஒரு அடி. இரண்டு பாத்திக்கு நடுவில் ஒரு அடி வாய்க்கால், அது சரிவான பக்கம் போய் ஒரு குழியில் முடியணும். அந்தக் குழியில் தேங்காய் மட்டையை உள்பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி வைத்தால் மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாழை நட்டால் பங்குனி, சித்திரையில் அந்த ஈரம் அதற்கு உதவும்.

மூடாக்கு மழைக்காலத்திலும் வேணும். வெறும் மண்ணில் கனமழைத் துளி விழுந்தால் மேல்மண் தெறித்து இலையின் அடியில் ஒட்டும். மண்ணில் இருக்கிற பூசணம் அந்த வழியாகத்தான் செடிக்கு ஏறுகிறது. ஆனால் மூடாக்கைத் தண்டோடு ஒட்டிப் போடக்கூடாது. நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

2. மழையில் எது நிற்கும்

சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் அடைமழையில் அடிபட்டு மண்ணோடு ஒட்டிவிடும். முருங்கை இலை பழுத்துக் கொட்டும், வேரில் நீர் நின்றால் மரமே போய்விடும். இந்த மாதங்களில் எங்க வீட்டுச் சட்டிக்குக் கீரை தருவது கொடிப்பசலையும் பொன்னாங்கண்ணியும்தான்.

சிறுகிழங்கு ஆடி, ஆவணியில் கொடி நட்டிருந்தால் இப்போது கிழங்கு பிடிக்கிற நேரம். கார்த்திகைக்குள் மழை இடைவெளி பார்த்து ஒருமுறை மண் அணைத்துவிடுங்கள். பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம். மஞ்சளும் சேனையும் அப்படியே நிற்கட்டும், தையில் பார்த்துக்கொள்ளலாம்.

பந்தல் அவரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் ஐப்பசி மாதத்தில் கேட்கிற கேள்வி இது: "அக்கா, ஆடியில போட்ட அவரை பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கு, ஒரு பூ இல்லை, பிடுங்கிடலாமா?" பிடுங்காதீங்க. நாட்டு அவரை பகல் நேரம் குறைந்தால்தான் பூக்கும். செப்டம்பர் கடைசி வாரத்துக்குப் பிறகு பகல் இரவைவிடக் குறைய ஆரம்பிக்கிறது. அதை உணர்ந்துதான் கொடி பூவுக்குத் தயாராகும். கார்த்திகையில் பூ, மார்கழிப் பனியில் காய், தை, மாசி வரை பறிக்கலாம். சிறகவரையும் இதே குணம்தான். பூக்கவில்லையே என்று ஐப்பசியில் சாணக்கரைசலும் மீன் அமிலமும் அதிகமாக ஊற்றினால் இலைதான் கூடும். பூக்கும் வரை சும்மா விடுங்கள். பனி விழ ஆரம்பித்ததும் குருத்தில் அசுவினி வரும். விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போது சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவினால் கட்டுப்படும்.

நத்தைத் தொல்லை இந்த மாதங்களில்தான் உச்சம். பெரிய ஆப்பிரிக்க நத்தை வந்துவிட்டால் ஒரே இரவில் நாற்றுப் பாத்தியை மொட்டையடிக்கும். பொழுது சாயும் நேரத்தில் பழைய சாக்கை நனைத்து, உள்ளே பப்பாளி இலையும் காய்கறிக் கழிவும் வைத்துத் தோட்டத்தில் நாலு இடத்தில் போடுங்கள். விடிகாலையில் சாக்கின் அடியில் நத்தை கூடியிருக்கும். பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் வெறுங்கையோடு செய்யச் சொல்லாதீர்கள். நத்தையின் உடம்பில் மனிதருக்கு நோய் தரும் புழு இருக்கலாம். கையுறையோ இடுக்கியோ கட்டாயம். பறித்த கீரையையும் நன்றாக அலசி, வேகவைத்தே சாப்பிடணும்.

3. தைப்பட்ட நாற்றுக்குப் பின்னோக்கிக் கணக்கு

தை பிறந்ததும் நடவு என்றால் நாற்று எப்போது விடணும்? மிளகாய் நாற்றுக்கு 40 முதல் 45 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கு 25 நாள். ஜனவரி நடுவில் நடுவதாக இருந்தால் மிளகாய் விதை டிசம்பர் முதல் வாரத்திலேயே மண்ணில் இருக்க வேண்டும். கார்த்திகை நடுப்பகுதி, மழை முழு வேகத்தில் இருக்கிற சமயம். அதனால்தான் பலர் தைப்பட்டத்துக்கு நாற்றை விலைக்கு வாங்குகிறார்கள்.

நாங்கள் திண்ணையை ஒட்டி ஆறு அடி நீளத்துக்கு அரை அடி உயரமான நாற்றுமேடை போட்டு, மேலே தென்னங்கீற்றுத் தட்டியைச் சாய்வாகக் கட்டிவிடுவோம். கீற்று முடைவதற்கு ஓலை ஊறணும். மழைக்காலத்தில் மழையே ஊற வைத்துவிடும். தட்டியின் ஒரு பக்கம் மூன்றரை அடி உயரம், மறுபக்கம் இரண்டடி. மழை நின்ற நேரத்தில் தட்டியைத் தூக்கிவிட வேண்டும், வெளிச்சம் கிடைக்காவிட்டால் நாற்று நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும்.

நாற்றழுகல்தான் பெரிய எதிரி. ஒரு கிலோ மக்கிய எருவுக்கு 50 கிராம் வீதம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து, ஈரம் காக்க நனைந்த சாக்கால் மூடி ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு மேடையில் தூவுங்கள். விதையை நெருக்கிக் கொட்டாமல் நாலு விரல் இடைவெளியில் கோடு இழுத்துப் போடுங்கள். காற்று நுழைந்தாலே பாதி அழுகல் வராது.

4. விதை: ஈரம்தான் எதிரி

இனி இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. ஆடிப்பட்டத்துக் காயில் விதைக்கு விட்டவை புரட்டாசி, ஐப்பசியில் முற்றும். சரியாகக் காயும் முன் மழை பிடித்துக்கொள்ளும். காற்றே ஈரமாக இருக்கும்போது விதை அந்த ஈரத்தை உறிஞ்சும். பூசணம், வண்டு, முளைப்புத்திறன் குறைவு எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. விதையியலில் ஒரு கணக்கு உண்டு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதம் வரை உள்ள விதைக்கு இது பொருந்தும். காய்கறி விதையை 8 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து காற்றுப் புகாமல் மூடினால் நிம்மதி.

ஈரமானி நம்மிடம் இல்லை. வீட்டில் உப்பு இருக்கிறது. நன்றாக வறுத்து ஆற வைத்த தூள் உப்பு ஒரு தேக்கரண்டி, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு தானிய விதை. மூடி ஒரு நிமிடம் குலுக்கி, பதினைந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, இன்னும் காயணும். ஒட்டாமல் உதிர்ந்தால் 15க்குக் கீழே வந்துவிட்டது. நெல், சோளம், பயறுக்கு இது நல்ல முதல் சோதனை. காய்கறி விதைக்கு இது மட்டும் போதாது, அதற்கு அடுத்த படி இருக்கிறது.

வெயில் அடிக்கிற நாளில் காலை 8 மணி முதல் 12 வரையும், மாலை 3க்குப் பிறகும் துணியிலோ ஓலைப்பாயிலோ காய வையுங்கள். உச்சி வெயில் வேண்டாம். தகரத்தின் மேலும் சிமெண்டுத் தரையிலும் நேராகப் போட வேண்டாம். ஈர விதைக்கு 40 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் கரு கெடும்.

வெயிலே இல்லாத வாரத்தில் அரிசியை நம்புங்கள். புழுங்கலரிசியைச் செம்பழுப்பாக வறுத்து, சூட்டோடு பாத்திரத்தை மூடி ஆற வையுங்கள். ஆறியதும் விதையின் அளவுக்குச் சமமாக எடுத்துத் துணி முடிச்சில் கட்டி, விதையோடு ஒரே பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். வறுத்த அரிசி விதையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்று நாளுக்கு ஒருமுறை முடிச்சை மாற்றுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றினால் கத்தரி, மிளகாய் விதை நகத்தால் வளைத்தாலும் வளையாமல் பட்டென்று ஒடியும். அதுதான் அளவு. அடுப்புக்கரியையும் இப்படிப் பயன்படுத்தலாம்.

எந்த விதைக்கு எந்தப் பாத்திரம்? இங்கேதான் கைவேலையும் விதையும் சேர்கிறது.

நெல்லும் பயறும் அதிக அளவில் இருக்கும். அவை மூச்சுவிடுகிற கொள்கலனில் இருக்கலாம். ஓலைப்பெட்டி, கடகம், சாக்கு எல்லாம் சரி. பயறில் வண்டு வராமல் இருக்க ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, நல்லெண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவிப் பிசறி வைக்கலாம். துவரைக்கு அத்தை செம்மண் கட்டுவாங்க. செம்மண்ணைக் குழைத்துப் புரட்டிக் காய வைத்தால் விதைமேல் ஒரு சட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும், வண்டு முட்டை வைக்க இடம் கிடைக்காது.

கொஞ்சமாக இருக்கிற காய்கறி விதைக்கு ஓலைப்பெட்டி ஆகாது. மழைக்கால ஈரம் உள்ளே போய்விடும். கண்ணாடிப் பாட்டில் அல்லது சுரைக்குடுக்கை வேணும். குடுக்கைக்குக் கொடியிலேயே நன்றாக முற்றிக் காய்ந்த சுரைக்காயை எடுத்து, காம்புப் பக்கம் விரல் நுழையும் அளவு துளையிட்டு, தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஊற வையுங்கள். உள்சதை அழுகியதும் கூழாங்கல் போட்டுக் குலுக்கிக் கொட்டி, மூன்று நாலு முறை கழுவி வெயிலில் சுண்டக் காய வையுங்கள். விதையும் சலித்த சாம்பலும் சம அளவு கலந்து நிரப்பி, தக்கை வைத்து, சாணமும் களிமண்ணும் சேர்த்துப் பூசி அடைத்துவிடலாம்.

5. எங்கே வைப்பது: 2023 சொல்லிக்கொடுத்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்க மாவட்டத்தில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்த அன்று. மழை இனிக் குறையும் என்று எல்லாரும் நினைக்கிற நேரம். ஆற்றுத் தண்ணீர் ராத்திரியில் தெருவுக்குள் வந்தது, வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் நின்றது. பிள்ளைகளையும் ஆட்டையும் பக்கத்து மாடி வீட்டுக்கு ஏற்றினோம். மரப்பலகை மேல் அடுக்கி வைத்திருந்த விதைநெல் மூன்று மூட்டையும் நனைந்துபோச்சு. நாலாம் நாள் தண்ணீர் வடிந்து திறந்து பார்த்தால் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டிருந்தது.

அடுப்படியில் உத்தரத்திலிருந்து உறியில் தொங்கின பத்துப் பதினைந்து குடுக்கைகளுக்கும் பாட்டில்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவரையில் மூணு ரகம், கத்தரியில் இரண்டு, வெண்டை, புடல், பீர்க்கன், மிளகாய். அந்தத் தையில் எங்க தெருவில் பதினொரு வீட்டுக்கு அத்தை அந்தக் குடுக்கைகளிலிருந்துதான் விதை அளந்து கொடுத்தாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடி. மாசி, பங்குனியில் அந்தப் பதினொரு வீட்டிலும் காய் இருந்தது. வெள்ளத்தில் பாத்திரம் பண்டம் போனவர்கள் காய்கறியையாவது விலைக்கு வாங்காமல் சமாளித்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் கடைப்பிடிக்கிற விதி இது. விதையை மூன்றாகப் பிரிப்போம். ஒரு பங்கு வீட்டில், தலைக்கு மேல் உயரத்தில். ஒரு பங்கு அதே ஊரில் மேட்டுத்தெருவில் இருக்கிற ஒரு வீட்டில். மூன்றாவது பங்கு வேறு மாவட்டத்தில் இருக்கிற சொந்தக்காரங்க வீட்டில். எங்களுக்கு அது என் அம்மா வீடு. அவங்க விதையில் ஒரு பங்கு எங்களிடம் இருக்கிறது. ஒரே மழை, ஒரே புயல் மூன்று இடத்தையும் அடிக்காது. ஒவ்வொரு பாட்டிலிலும் ரகம், எடுத்த மாதம், ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்று சீட்டெழுதி உள்ளேயே போடுகிறோம். வெளியே ஒட்டினால் கரப்பான் தின்றுவிடும்.

6. முளைப்புச் சோதனை: பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறைப் பாடம்

மழை விடுமுறையில் செல்போனைப் பிடுங்கி வைத்தால் மட்டும் பிள்ளைகள் உட்கார மாட்டாங்க, கையில் வேறொன்றைக் கொடுக்கணும். எங்க வீட்டில் முளைப்புச் சோதனை மகனுடைய பொறுப்பு.

ஒவ்வொரு ரகத்திலும் 50 விதை எண்ணி எடுக்க வேண்டும். பொறுக்காமல், கைக்கு வந்தபடி எடுக்கணும். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் பத்துப் பத்தாக வரிசை வைத்து, பாய் மாதிரிச் சுருட்டி, இரண்டு முனையும் கட்டி, ரகப் பெயர் எழுதி நிழலில் தொங்கவிடுவது. தினமும் தண்ணீர் தெளிப்பது. பயறு வகைகளை ஐந்தாம் நாள் பார்க்கலாம், நெல், வெண்டைக்கு எட்டு நாளுக்கு மேல், கத்தரி, மிளகாய்க்குப் பதினாலு நாள். நல்ல வேரும் முளையும் வந்ததை மட்டும் எண்ணி இரண்டால் பெருக்கினால் சதவீதம்.

சான்று விதைக்கு வைத்திருக்கிற குறைந்த அளவு நெல்லுக்கு 80, கத்தரிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவீதம். நம் விதை அதற்கு மேலே இருந்தால் கவலை இல்லை. 40 வந்தால் தூக்கி எறியாதீர்கள், நெருக்கமாக விதைத்து இந்தப் பட்டத்திலேயே புதுவிதை எடுத்துவிடுங்கள். அதையும் தள்ளிப்போட்டால் அடுத்த வருஷம் அந்த ரகம் உங்க வீட்டில் இருக்காது.

சுருட்டின துணியைப் பிரிக்கிற நாளில் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவான். சதவீதக் கணக்கு அவனுக்கு அப்படித்தான் வந்தது.

7. ஓலைவேலை: கை இருக்கும்போதே கற்றுக்கொள்வது

பனை நம் மாநில மரம். மரத்தை வெட்டக்கூடாது என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அதன் ஓலையை வீட்டில் யாருக்காவது முடையத் தெரிந்தால்தான் அந்த மரத்துக்கு வீட்டில் மதிப்பு இருக்கும். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. பத்து வயதில் பெட்டி முடையத் தொடங்கினவங்க. இரண்டு வருஷமாக விரல் மடங்க மாட்டேங்குது. விளிம்பு கட்டுகிறபோது வலி தாங்காமல் வைத்துவிடுகிறாங்க. போன ஐப்பசியில் ஒருநாள், "என் கை நின்னுட்டா இந்த வீட்ல பெட்டியும் நின்னுரும்லா, ஏம்மா, உக்காந்து படி" என்று என்னையும் மகளையும் கூப்பிட்டு உட்கார வச்சாங்க. அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் படித்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஓலையை மழைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். புரட்டாசியில் வடலியிலிருந்து குருத்தோலை. ஒரு வடலிக்கு ஒரு குருத்துதான். அடுத்த குருத்து வந்து விரிந்த பிறகுதான் மறுபடி அந்த மரத்தில் கை வைக்கலாம். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்ததும் வெளுத்துவிடும். சுருட்டி அடுப்படிப் பரணில் வைத்துவிடலாம்.

முடையும் நாளுக்கு முந்தின இரவே தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்த ஓலை மடக்கினால் வெடிக்கும். கோடைக்காலத்தில் முடைகிறபோது அடிக்கடி நனைத்துக்கொண்டே இருக்கணும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் ஓலை நாள் முழுக்கப் பதமாக இருக்கும். இந்த வேலை மழைக்காலத்து வேலையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலமாக வகிர வேண்டும். அரை விரல் அகலம் பழகுகிறவர்களுக்குச் சரி. அடிப்பாகத்துக்குப் பன்னிரண்டு ஓலை பாவாகப் பரப்பி, பன்னிரண்டை ஊடாக ஒன்றுவிட்டு ஒன்று நுழைத்து நெருக்குங்கள். சதுரம் கிடைத்ததும் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இரண்டு பக்கத்து ஓலைகளையும் குறுக்காக மடக்கிப் பின்னினால் மூலை எழும்பும். இந்த இடத்தில்தான் எல்லாரும் தடுமாறுவாங்க. நாலு மூலையும் எழுந்த பிறகு சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகலாம். வேண்டிய உயரம் வந்ததும் ஓலை நுனியை உள்பக்கம் மடக்கிச் செருகி, பனைமட்டையிலிருந்து உரித்த நாரால் விளிம்பைத் தைத்து இறுக்குங்கள். முடிந்த பெட்டியை உடனே அடுக்கி வைக்காதீர்கள். அடுப்புக்கு மேலே நாலு நாள் காயாவிட்டால் பூசணம் பிடித்துக் கறுத்துவிடும்.

மகள் முதல் பெட்டிக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு முடைகிறாள். விளிம்பு கட்டுவது இன்னும் என் வேலை. வீட்டில் விதை காய வைக்கவும், காய் பறிக்கவும், கருப்பட்டி வைக்கவும் பிளாஸ்டிக் கூடை வாங்குவதை நிறுத்திவிட்டோம். கிழிந்த பெட்டி மூடாக்குக்குப் போகிறது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. விற்கத் தெரிந்தவர்களுக்கு இதில் வருமானமும் உண்டு. ஆனால் முதல் பெட்டியை வீட்டுக்கு முடையுங்கள்.

8. பனங்கொட்டையும் கார்த்திகையும்

ஆவணி, புரட்டாசியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளை எறியாதீர்கள். மணல் கலந்த பொலபொலப்பான மண்ணில் மேட்டுப்பாத்தி போட்டு, கொட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி அடுக்கி, மேலே மண் தள்ளிவிட்டால் மழை பார்த்துக்கொள்ளும். மூன்று நாலு மாதத்தில், பொங்கலுக்குப் பனங்கிழங்கு தயார். நடுவில் ஒன்றிரண்டைப் பிள்ளைகள் தோண்டி வெட்டித் தவுண் தின்பாங்க, தின்னட்டும். மரமாக வளரவேண்டியதை மட்டும் வேலியோரத்தில் அரை அடி ஆழத்தில் நேரடியாகப் பதித்துவிடுங்கள். பனையைப் பிடுங்கி நடுவது கடினம், அதன் முளை ஆழமாகக் கீழே இறங்கிவிடும்.

கார்த்திகைத் தீபத்துக்கு அத்தை பச்சரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் பிசைந்து குருத்தோலைக்குள் வைத்து அவிப்பாங்க, ஓலைக் கொழுக்கட்டை. நான் என் ஊர்ப் பழக்கத்துக்கு மாவளி செய்வேன். ஆண்பனையின் காய்ந்த பூக்கதிரைக் குழியில் போட்டு எரித்து, கனன்றதும் மண்ணால் மூடிக் கரியாக்கி, பொடித்துக் கொஞ்சம் உப்புச் சேர்த்து, பழைய பருத்தித் துணியில் குழல்போல இறுகச் சுற்றி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, கயிறு பூட்டிக் கங்கு வைத்துச் சுற்றினால் பொறி பூவாகக் கொட்டும். வைக்கோல் போரிலிருந்து தள்ளி, வெட்டவெளியில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். பட்டாசுக்குப் போகிற காசு மிச்சம். சுற்றுகிற கைக்கு அந்த மரமும் நினைவிலிருக்கும்.

எதை எப்போது: ஒரு பார்வையில்

புரட்டாசி: மேட்டுப்பாத்தி, வடிகால். குருத்தோலை எடுத்துக் காய வைத்தல். பனங்கொட்டை அடுக்குதல்.

ஐப்பசி: விதை உலர்த்துதல், உப்புச் சோதனை, குடுக்கை நிரப்புதல். கீற்றுத் தட்டி முடைதல். ஓலைவேலை தொடக்கம். நத்தைப் பொறி.

கார்த்திகை: முளைப்புச் சோதனை. மிளகாய் நாற்று விடுதல். சிறுகிழங்குக்கு மண் அணைத்தல். விதையை மூன்று இடத்துக்குப் பிரித்து அனுப்புதல்.

மார்கழி: கத்தரி, தக்காளி நாற்று. அவரை பறிப்பு, நல்ல முதல் காய்களை விதைக்கு அடையாளம் கட்டி விடுதல்.

எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்ய முடியாது. இந்த ஐப்பசியில் மூன்று மட்டும் செய்யுங்கள். உங்க வீட்டில் இருக்கிற விதையில் ஒரே ஒரு ரகத்தையாவது நன்றாகக் காயவைத்து மூன்று இடத்தில் வையுங்கள். 50 விதையைத் துணியில் சுருட்டி ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள். தெருவில் ஓலையோ கீற்றோ முடையத் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் போய், ஒரு மழை நாள் மதியம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு பிடி அவரை விதையாவது கொண்டுபோங்கள். வாங்கி வைத்துக்கொள்வாங்க, தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுப்பாங்க.